ராஷேலின் கடைசிப் படம்

சென்ற தை மாதம் என் அக்கா காலமானார். வயது 84. ஐஸ் பெட்டிக்குள் இருந்த முகத்தை உறவுக்காரப் பையன் ஒருவன் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டான். அக்கா மகள் பாரீசில் இருக்கிறாள். அங்கே நடு இரவு. விடிந்ததும் சொல்லலாமென்று நாங்கள் தயங்கிய நேரத்தில் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. தாய் இறந்ததை அவள் அப்படித்தான் அறிந்தாள்.

அன்று எனக்கு ராஷேல் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ராசீனின் 'ஃபேத்ர்' நாடகம் பாடம். அந்த வேடத்தில் ராஷேலுக்கு இணையில்லை என்பார் எங்கள் மிஸ்யே. பிறகு குமாஸ்தா வேலையில் சேர்ந்தபோது, பழைய தல்லோஸ் தீர்ப்புத் தொகுதிகளைத் தூசி தட்டி அடுக்குவது என் பொறுப்பு. அதில்தான் அவரது வழக்கைப் படித்தேன்.

ராஷேல் காசநோயால் 1858 ஜனவரி 3 அன்று, கான் நகருக்கு அருகிலுள்ள லெ கானெ என்ற ஊரில் இறந்தார். தமக்கை சாரா, குடும்பத்துக்கு மட்டும் என்று சொல்லி, மரணப் படுக்கையில் இருந்தவரைப் படம் பிடிக்கச் செய்தார். சில வாரங்களில், ஓகொன்னெல் என்ற ஓவியப் பெண்மணி வரைந்த அதே காட்சி வெளிவந்து விற்பனைக்கும் வந்துவிட்டது. சாரா வழக்குத் தொடுத்தார்.

1858 ஜூன் 16 அன்று பாரீஸிலுள்ள சேன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இறந்தவர் எவ்வளவு பெயர் பெற்றவராயினும், குடும்பத்தாரின் தெளிவான சம்மதமின்றி மரணப் படுக்கையிலுள்ள முகத்தை வரைந்து ஊருக்குக் காட்டும் உரிமை யாருக்கும் இல்லை. ஓவியமும் அதன் பிரதிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. 1804-ன் சிவில் சட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். குடும்பத்தின் துயரத்துக்குத் தர வேண்டிய மரியாதையையே நீதிபதிகள் ஆதாரமாக வைத்தார்கள்.

உயிரோடு இருப்பவர் விஷயம் 1867-ல் வந்தது. நாவலாசிரியர் அலெக்சாந்தர் துய்மா, அமெரிக்க நடிகை மென்கெனோடு நெருக்கமாக உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டார். லியெபேர் என்ற புகைப்படக்காரர் அவற்றை விற்க, பாரீஸே சிரித்தது. ஆட்சேபிக்காமல் படத்துக்கு உட்கார்ந்தவர்தானே என்று விட்டுவிடவில்லை மேல்முறையீட்டு நீதிமன்றம். கொடுத்த சம்மதத்தையும் திரும்பப் பெறலாம், அதற்கு ஈடு தந்தால் போதும் என்று விற்பனையைத் தடுத்தது. 1970 ஜூலை 17 சட்டம்தான் 'ஒவ்வொருவரின் அந்தரங்க வாழ்வும் மதிக்கப்பட வேண்டும்' என்பதைச் சிவில் சட்டத்தின் 9-ஆம் பிரிவாக எழுதி வைத்தது. தீர்ப்புக்கும் எழுத்துக்கும் நடுவே 112 ஆண்டுகள்!

ஜெர்மனியிலும் சட்டம் பிறந்தது ஒரு பிணத்தருகேதான். 1898-ல் பிஸ்மார்க் இறந்த இரவு, இருவர் ஜன்னல் வழியாக நுழைந்து அவரைப் படமெடுத்தார்கள். வழக்கு நடந்து, 1907-ல் வந்த சட்டம், இறந்தவரின் படத்துக்குப் பத்தாண்டுகள் வரை உறவினரின் சம்மதம் வேண்டும் என்றது.

நம் வீடுகளிலும் அந்தக் காலத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டுப் படமெடுப்பது உண்டு. எங்கள் அப்பாவின் அப்படியொரு படம் பீரோவில் இருந்தது. வெளியார் யாருக்கும் அம்மா அதைக் காட்டியதில்லை. சாராவும் படமே கூடாது என்று சொல்லவில்லையே!

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அஞ்சலிக்காகத்தானே போட்டேன், பெரியப்பா" என்றான். கெட்ட எண்ணம் இல்லை. ராஷேல் கதையைச் சொன்னேன். தலைகுனிந்து படத்தை அழித்தான். விடியட்டும் என்று காத்திருந்த எங்கள் தவறை யார் அழிப்பது?

இந்தக் கட்டுரையோடு அக்காவின் நல்ல படம் ஒன்றைப் போட ஆசைப்பட்டு, அவள் மகளிடம் கேட்டேன். "வேண்டாம் மாமா" என்றாள். அதனால்தான் இங்கே படம் இல்லை.