கிரங்க்கோர்

கிரங்க்கோர், 2000களின் பிற்பாதியில் அமெரிக்காவில் தோன்றிச் சில ஆண்டுகளே செல்வாக்கோடு இருந்த கலப்பு இசைவகை. ஸ்கிரங்க் என்றும் சொல்வார்கள். தென் மாநிலக் கறுப்பின இளைஞர்களின் நடன விடுதிகளில் வளர்ந்த கிரங்க் என்ற ஹிப் ஹாப் வடிவமும், 1990களில் ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து கிளைத்த ஸ்க்ரீமோவும் இதில் கலந்தன.

இந்த வகைப் பாட்டு 808 தாள இயந்திரத்தின் அடிவயிற்றை அதிரவைக்கும் ஓசையோடு தொடங்கும். அதன்மேல் ஆட்டோடியூன் மென்பொருளில் வழுவழுப்பாக்கிய குரல், குடி, கொண்டாட்டம், பெண்கள் என்று அளந்துகொண்டே போகும். திடீரென இன்னொருவர் தொண்டை கிழியக் கத்துவார். டிரம்மர்கூடத் தேவையில்லை, ஒரு கணினியும் மைக்கும் இருந்தால் குழு தயார். உடை கண்ணைப் பறிக்கும் நியான் நிறத்தில். முடி ஒரு கண்ணை மறைத்து விழும்.

இதன் தாய்வீடு மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம். ஒருவரது பக்கத்தைத் திறந்தாலே அவர் தேர்ந்த பாட்டு தானாக ஒலிக்கும் என்பதால், வானொலியின் தயவு இல்லாமலே பாடல்கள் பரவின. நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்பகர்க்கியில் 2006இல் உருவான புரோக்கன்சைட் குழுதான் இதன் முகம். 2009இல் வார்ப்ட் டூர் பங்க் இசைப் பயணத்திலும் அக்குழு இடம்பிடித்தது. கொலராடோவின் த்ரீ ஓ த்ரீ குழுவின் 'டோண்ட் டிரஸ்ட் மீ' அதே ஆண்டு பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 7ஆம் இடம்வரை ஏறியது. ஆனால் அக்குழுவை இந்த வகையில் சேர்ப்பதே தகராறுக்குரியது; அதில் அலறலைவிடப் பாப் அதிகம்.

எதிர்ப்பு இரு பக்கமிருந்தும் வந்தது. கறுப்பின இசையைக் கேலிக்கூத்தாக்குகிறார்கள் என்றனர் ஹிப் ஹாப் ரசிகர்கள். வலியைப் பாடிய வடிவத்தை வெற்றுக் கூச்சலாக்கிவிட்டார்கள் என்றனர் ஸ்க்ரீமோ ரசிகர்கள். பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் பற்றிய குற்றச்சாட்டுக்குத்தான் கடைசிவரை நேர்மையான பதில் வரவில்லை. வசவையே விளம்பரமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் மட்டும் இருந்தது. 'எனக்குப் பிடிக்காது, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது' என்ற பொருளில் தன் 2009 ஆல்பத்துக்குத் தலைப்பு வைத்தது புரோக்கன்சைட். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட அந்த ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலிலும் இடம்பெற்றது.

வீழ்ச்சிக்கு விமர்சனம் காரணமில்லை. இருந்த வீடு இடிந்ததுதான் காரணம். 2005இல் நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி டாலருக்கு வாங்கிய மைஸ்பேஸ், 2011இல் சுமார் 3.5 கோடிக்கு விலைபோனது. ரசிகச் சிறுவர்களும் வளர்ந்து ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். இதற்கிடையே 2010இல் புரோக்கன்சைட் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'வில் நெவர் டை'. பெயர் பலிக்கவில்லை.

பத்தாண்டு கழித்து 100 கெக்ஸ் போன்ற, ஹைப்பர்பாப் என்ற மின்னணுப் பாப் வகைக் கலைஞர்களிடம் இதன் சாயலை விமர்சகர்கள் கண்டார்கள்; இம்முறை பாராட்டாக. மூலப் பதிவுகளின் கதை வேறு. சர்வர் மாற்றத்தின்போது பழைய பதிவேற்றங்கள் அழிந்துவிட்டதாக 2019இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது; 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள் போயின. 2008–2010 காலத்தைச் சேர்ந்த சுமார் 4.9 லட்சம் பாடல்கள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்குக் கிடைத்தன.