கல்கத்தாச் சர்வகலாசாலையும் தொழில் மாறி வந்த ஆராய்ச்சியாளர்களும்

1857-இல் லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் நிறுவப்பெற்ற கல்கத்தாச் சர்வகலாசாலை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இருந்துவந்தது. கற்பிக்கும் பொறுப்பைக் கல்லூரிகளே ஏற்றிருந்தமையால், எம்.ஏ. தேறிய ஒருவர் ஆராய்ச்சியையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பினாலும், அவருக்கென ஒரு பதவி சர்வகலாசாலையில் இல்லை. கூர்த்த மதி படைத்த பட்டதாரிகள் நீதிமன்றத்தையோ சர்க்கார் உத்தியோகத்தையோ நாடிச் சென்றனர். 1904-ஆம் ஆண்டின் சட்டம், நேரே போதிக்கவும் பேராசிரியர்களை நியமிக்கவும் சர்வகலாசாலைக்கு அதிகாரம் அளித்தது.

அவ்வதிகாரத்திற்கு உயிர் கொடுத்தவர் ஆசுதோஷ் முகர்ஜி. இளமையிலேயே கணிதக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தும் வக்கீலாகி, 1904-இல் ஹைகோர்ட்டு நீதிபதியாகவும் அமர்ந்த அவர், 1906 முதல் 1914 வரை துணைவேந்தர் பதவியையும் உடன் வகித்தார். அவருடைய முயற்சிக்குப் பெரும்பொருள் வழங்கிய தாரகநாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் ஆகிய இருவரும் வக்கீல்களே. நீதிமன்றத்தில் ஈட்டிய செல்வங்கொண்டு 1914-இல் விஞ்ஞானக் கல்லூரிக்கு அஸ்திவாரம் இடப்பட்டது என்பதை, நம் நாட்டு உயர்கல்வியின் சரித்திரத்தை எழுதுவோர் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, 1907-இல் நிதி இலாகாப் பரீட்சையில் முதல்வராகத் தேறிக் கல்கத்தாவில் உத்தியோகம் ஏற்ற சி. வி. ராமன், 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் பௌபஜார் வீதியில் தொடங்கிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில், அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும், தம் கணக்குப் பணிக்கு யாதொரு குறையும் நேராவண்ணம், நரம்பிசைக் கருவிகளின் அதிர்வை ஆராய்ந்துவந்தார். அவரைப் பாலித் பௌதிகப் பேராசிரியராக ஆசுதோஷ் தேர்ந்தெடுத்தபோது, அப்பதவிக்குரியவர் அந்நிய தேசம் சென்று பயிற்சி பெறவேண்டும் என்ற நிபந்தனை குறுக்கிட்டது. ராமன் அதனை ஏற்க மறுத்தார். சர்வகலாசாலை அவருக்காக விதியைத் தளர்த்தியது. 1917-இல் அவர் நிலையான, வருவாய் மிக்க உத்தியோகத்தைத் துறந்து ஆசிரியரானார். டாக்டர் பட்டம் இல்லாத ஒருவரை, அவர் செய்துகாட்டிய ஆராய்ச்சி ஒன்றையே சான்றாகக் கொண்டு பேராசிரியராக்கியது, அக்காலத்துச் சர்வகலாசாலையின் மிகச் சிறந்த செயல் என்பது என் துணிபு.

ராமன் தேறிய அதே நிதிப் பரீட்சையை எழுத மேகநாத் சாஹாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. புரட்சியாளருடன் தொடர்புடையவர் என்ற ஐயமே அதற்குக் காரணம் என்பர். ஒருவர் விட்டுவந்த வாயிலும் மற்றொருவருக்கு அடைபட்ட வாயிலும் ஒன்றாயிருக்க, இருவரும் ஒரே கல்லூரியில் வந்து சேர்ந்தனர். 1915-இல் கலப்புக் கணிதத்தில் எம்.எஸ்ஸி. தேறிய சாஹாவும் சத்தியேந்திரநாத் போஸும் மறு ஆண்டே அங்கே விரிவுரையாளர்களாயினர். கோஷ் பேராசிரியரான தேவேந்திரமோகன் போஸ் யுத்தத்தினால் ஜெர்மனியிலிருந்து திரும்ப இயலாதிருந்த அக்காலத்தில், கணிதம் கற்ற இவ்விளைஞர்கள் பௌதிகத்தைத் தாமே கற்றுக் கற்பிக்க வேண்டியவராயினர். ஜெர்மன் மொழி பயின்று ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தனர். மாணவருக்கு வெப்ப இயக்கவியல் போதிக்க முற்பட்ட சாஹா, 1920-இல் சூரியனின் நிறமண்டலத்தில் நிகழும் அயனியாக்கம் பற்றிய தம் கொள்கையை வெளியிட்டார். கற்றலும் கற்பித்தலும் ஆராய்தலும் ஒருங்கே நிகழ்ந்தமையாலேயே இது கைகூடிற்று.

1917-இல் பட்ட மேற்படிப்பு முழுவதையும் சர்வகலாசாலை தன் நேர்ப்பொறுப்பில் கொண்டது. 1919-இல் இந்திய மொழிகளும் எம்.ஏ. பாடமாயின. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயன ஆய்வுக்கூடப் பணியில் இருந்த வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன், 1920-இல் அதனை விடுத்து மாணவராகக் கல்கத்தாவுக்குச் சென்றார். 1923 முதல் ராமனுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1928-இல் ஒளிச்சிதறலின் புதிய விளைவை வெளியிட்ட முதற் கட்டுரையில் அவருடன் தம் பெயரும் இடம்பெறும் நிலையை எய்தினார்.