வழுவும் ஒழுங்கும்: திரவப் பளிங்கியல் வரலாற்றில் ஒரு நோக்கு

தமிழிலக்கண நூலார் வழுவை விலக்கியதோடு அமையாது, வழுவமைதியும் வகுத்தனர். வழுவை ஆராய்ந்தே ஒழுங்கை உணரலாம் என்னும் இந்நோக்கிற்குத் திரவப் பளிங்குகளின் வரலாறும் சான்றாகின்றது.

1888இல் பிராக் நகரத் தாவரவியலாளர் றைனிற்சர், கொலெஸ்ரறைல் பென்சோவேற்று 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கிய திரவமாவதையும், 178.5 பாகையிலேயே தெளிவடைவதையும் கண்டார். அக்கலங்கலை அசுத்தத்தின் விளைவெனச் சிலர் கருதினர். ஜேர்மனியரான லேமனோ, ஓடுந்தன்மையும் பளிங்கின் ஒழுங்கும் ஒருங்கே பெற்ற நிலை அதுவென வாதிட்டார். 1922இல் பிரான்சிய அறிஞர் பிரீடல், நுணுக்குக்காட்டியில் தெரிந்த இழைகளைக் கொண்டு ஒருவகைக்கு நூலெனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ‘நெமற்றிக்’ எனப் பெயரிட்டார். அவ்விழைகள் மூலக்கூறுகளின் திசையொழுங்கு முறிந்த வழுக்களே.

அவத்தை மாறுகையில் வழு எவ்வாறு பிறக்கின்றது? வற்றாப்பளை வயலில் காற்றடித்தபின் நெற்பயிர் ஒருபால் கிழக்கேயும் மறுபால் தெற்கேயும் சாய்ந்து கிடப்பின், இரண்டும் சந்திக்குமிடத்தில் ஒழுங்கு குலையும். அவ்வாறே, தெளிந்த திரவம் குளிருகையில் ஆங்காங்கே தோன்றும் நெமற்றிக் துளிகள் தத்தமக்கென ஒரு திசை கொள்கின்றன. அவை இணையுமிடங்களிற் சிலவற்றில் திசைகள் பொருந்தாது வழு எஞ்சுகின்றது. ஆயின் நெற்பயிர் போலன்றி, மூலக்கூறுகள் மெல்லத் திரும்பி இசைவுறும், இழைகள் சுருங்கும், எதிரெதிர் வழுக்கள் சந்தித்து அழியும். மேலும் குளிர்ந்து அடுக்கமைந்த ‘சிமெற்றிக்’ அவத்தை தோன்றும் பொருள்களில், அவ்விழைகளுக்கு இடமில்லை. நீள்வளையமும் அதிபரவளைவும் இணைந்த வேறு வழுக்கள் தோன்றும். அவ்வளைகோடுகளைக் கொண்டே அடுக்கமைப்பைப் பிரீடல் உய்த்துணர்ந்தார்.

இத்துறையிற் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தின் பணி பெரிது. சேர் சி. வி. இராமனின் மருகரான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் 1977இல், கோல்வடிவ மூலக்கூறுகளேயன்றித் தட்டுவடிவ மூலக்கூறுகளும் தூண்களாய் அடுக்குற்றுத் திரவப் பளிங்காகும் எனக் காட்டினார். புதிய ஒழுங்கு புதிய வழுக்களையும் உடன்கொணர்ந்தது. 1986இல் அவரும் இரங்கநாத்தும் இவ்வழுக்களின் அமைப்பையும் சக்தியையும் விரிவாக ஆராய்ந்து எழுதினர்.

ஆதி அண்டம் குளிர்ந்தபோதும் இத்தகைய வழுக்கள் தோன்றியிருக்கலாமென 1976இல் கிபிள் கருதினார். அண்டத்தின் பிறப்பை மீண்டும் நிகழ்த்திப் பார்க்கவியலாது. திரவப் பளிங்கிலோ வழு பிறப்பதைக் கண்ணாற் காணலாம். 1994இல் பவிக், சந்தர், ஷிஃப், அஜித் சிறீவாஸ்தவா ஆகியோர் துளிகள் இணைகையில் தோன்றிய இழைகளை எண்ணினர். பெற்ற அளவு கிபிளின் கொள்கையோடு இசைந்தது. அசுத்தமென ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட கலங்கல், இவ்வாறு அண்ட ஆராய்ச்சிக்கும் துணையாயிற்று.