பள்ளிவாசலில் பெருகும் நாற்காலிகளும் நம் முழங்கால்களும்

எந்த ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சென்றாலும் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். ஒரு தலைமுறைக்கு முன்பு கைத்தடியோடு வந்த பெரியவர்கள்கூட, தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்று தொழுதார்கள். இன்று 55 வயதுக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார், படியேறுகிறார், வாசலில் நின்று பத்து நிமிடம் பேசுகிறார். இகாமத் சொன்னதும் நாற்காலியைத் தேடுகிறார்.

உண்மையிலேயே இயலாதவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. மார்க்கம் அவர்களுக்கு இலகுவாக்கித் தந்திருக்கிறது. மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நாம் யோசிக்க வேண்டியது, அந்த இயலாமை எங்கிருந்து வந்தது என்பதைத்தான். முதுமை கொண்டு வந்ததா, நாமே வரவழைத்துக்கொண்டதா?

பலம் எங்கே போகிறது?

30 வயதைத் தாண்டியதும் உடலின் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறையும் என்பது மருத்துவக் கணக்கு. 60 வயதுக்குப் பிறகு வேகம் கூடும். மருத்துவர்கள் இதை ‘சார்கோபீனியா’ என்கிறார்கள். தொடையிலும் இடுப்பிலும் உள்ள பெரிய தசைகளில் இது அதிகம் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ உதவுபவை அவைதான்.

இதில் வயதின் பங்கு ஒரு பகுதி. மீதி, உபயோகிக்காமல் விட்டதன் பலன். நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த 12 முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2007-இல் வெளியானது. அந்தப் பத்து நாட்களில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான சதை கரைந்திருந்தது. காய்ச்சலோ, கண் ஆபரேஷனோ முடிந்து வீடு திரும்பும் பெரியவரிடம், “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் வாப்பா, ஒரு மாசம் படுத்திருங்க” என்று பாசத்தோடு சொல்கிறோமே, அதன் விலை இது. மருத்துவர் ஓய்வு சொல்லியிருந்தால் எத்தனை நாள், எந்த அளவுக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

போன பலம் திரும்புமா? திரும்பும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வசித்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார்கள். 9 பேர் முழுமையாக முடித்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் அதிகரித்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வு, முதியவர்களுக்கான பயிற்சியைப் பற்றி மருத்துவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததையே மாற்றியது. 90 வயதில் முடிந்தது என்றால், 60 வயதில் “இனிமே என்னத்தப் போ” என்று சொல்ல நமக்கு நியாயம் இல்லை.

தரையை விட்டு விலகிய கதை

நம் வீடுகளில் தரைதான் எல்லாமாக இருந்தது. பாய் விரித்துச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அரிவாள்மணையில் மீன் அரிந்தோம். குத்துக்கால் வைத்துத்தான் கழிப்பறையில் அமர்ந்தோம். ஒரு நாளில் எத்தனை தடவை தரையிலிருந்து எழுந்தோம் என்று யாரும் எண்ணியதில்லை. இன்று சாப்பாட்டு மேசை, சோஃபா, கட்டில், மேற்கத்திய கழிப்பறை எல்லாம் வந்துவிட்டன. அவை வந்ததில் தவறில்லை. முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் 40 வயதுக்காரரும் நாள் முழுக்கத் தரையைத் தொடுவதே இல்லை என்றால், முழங்காலும் இடுப்பும் அந்த வேலையை மறந்துவிடும்.

ஃபர்ளு தொழுகை மட்டும் நாளைக்கு 17 ரக்அத், 34 ஸுஜூது. தரையிலிருந்து 17 முறை எழுந்து நிற்கிறோம். நமக்கு மீதமிருக்கும் கடைசித் தரைப் பழக்கம் அநேகமாக இதுதான். அதனால்தான் பலக்குறைவு முதலில் பள்ளிவாசலில் தெரிகிறது.

‘தொழுகையே போதுமான உடற்பயிற்சி, வேறெதுவும் தேவையில்லை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம். தொழுகை இபாதத், உடற்பயிற்சிக்காக நாம் அதைத் தொழுவதில்லை. மூட்டுகளை அசைத்து வைக்க அது உதவுகிறது என்றாலும், இதயமும் நுரையீரலும் கேட்கும் தொடர்ச்சியான உழைப்பை ஐந்து நிமிடத் தொழுகை தராது.

தரையில் உட்கார்ந்து எழுவது எவ்வளவு பெரிய அடையாளம் என்பதற்கு பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று உண்டு. கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற மருத்துவரின் குழு, 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொன்னது. மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும்; தடுமாறினால் அரை. பிறகு சில ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்தார்கள். 8-க்கு மேல் பெற்றவர்களைவிட, 3-ம் அதற்குக் கீழும் பெற்றவர்களில் மரணம் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அஜல் அல்லாஹ்வின் கையில். இந்த மதிப்பெண் ஆயுளை முடிவு செய்வதில்லை. உள்ளே உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகிறது. தடுமாற்றம் உள்ளவர்கள் வீட்டில் தனியாக இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

“முட்டி தேஞ்சுபோச்சு”

நாற்காலிக்குச் சொல்லப்படும் முதல் காரணம் முட்டித் தேய்மானம். ‘தேய்மானம்’ என்ற சொல்லே நம்மைப் பயமுறுத்திவிடுகிறது. செருப்பு நடக்க நடக்கத் தேய்வதுபோல முட்டியும் தேயும், அதனால் நடக்காமல் இருந்தால் மிச்சமாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். மூட்டு உயிருள்ள உறுப்பு. அதன் குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் அதற்கு ஊட்டம் போகிறது. தொடையின் முன்பக்கத் தசை பலமாக இருந்தால் முட்டியில் விழும் சுமையில் ஒரு பங்கை அது ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் மூட்டுத் தேய்மானத்துக்கான மருத்துவ வழிகாட்டல்கள் எல்லாம் உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் முதல் வரிசையில் வைக்கின்றன. வலி மாத்திரையும் ஊசியும் பிறகுதான்.

தொடங்கும்போது கொஞ்சம் வலி இருக்கும். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். முட்டி வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்ட வேண்டும். ஆயுள் முழுக்கச் சுமை தூக்கிய தொழிலாளியின் முட்டியையும், கடையில் உட்கார்ந்தே இருந்தவரின் முட்டியையும் ஒரே தராசில் வைத்துப் பேச முடியாது என்பதும் உண்மை. நோயில் பரம்பரைக்கும் வறுமைக்கும் பங்கு உண்டு. நோயாளியைப் பார்த்து “நீயே தேடிக்கிட்டது” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவரவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

எவ்வளவு செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும். வேகநடை போதும். பேச முடிய வேண்டும். ஆனால் பைத் படிக்க மூச்சு போதாது என்ற அளவு வேகம். சுப்ஹுக்குப் பிறகு கடற்கரையிலோ, தெருவிலோ அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். கணக்கு முடிந்தது.

நம்மில் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறோம். அதே வழிகாட்டல் தசைக்குப் பலம் தரும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவதும், சமநிலைப் பயிற்சியை மூன்று நாளாவதும் செய்யச் சொல்கிறது. ஜிம்முக்குப் போகத் தேவையில்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சற்று ஓய்வெடுத்து இன்னொரு பத்து. சுலபமாகிவிட்டால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். அதே மேடைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பழகுங்கள். தொழுகைக்கு நாற்காலி தேவைப்படுபவருக்கு அந்த நாற்காலியே பயிற்சிக் கருவி.

இதில் பெண்களின் நிலை வேறு. மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுடைய எலும்பின் வலு வேகமாகக் குறைகிறது. ஆண்களைப்போல் வெளியே நடந்துவர நம் தெருக்களில் அவர்களுக்கு வசதியும் குறைவு. மருமகள் வந்ததும் “நீங்க உட்காருங்க மாமி, நான் பார்த்துக்கிறேன்” என்பது மரியாதை. ஆனால் உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். மாடி இருக்கும் வீட்டில் அஸருக்குப் பிறகு மாமியும் மருமகளும் சேர்ந்து அரை மணி நேரம் நடக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், வயதானவர்கள் சோற்றைவிடப் புரதத்தைக் குறைத்துக்கொள்வதுதான் பெரிய பிழை. டீயும் ரொட்டியும் கஞ்சியுமாக நாள் கழிகிறது. மீன், முட்டை, பருப்பு இல்லாமல் தசை வளராது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும்.

சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு நற்செய்தி சென்னையிலிருந்தே உண்டு. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான் கிடைத்தது.

ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்கிறோம்

ஒரு ஹஜ்ஜுக்காக 20 வருடம் பணம் சேர்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையிலான ஏழு சுற்று மட்டும் சுமார் 3 கிலோமீட்டர். அதற்கு முன் தவாஃப், பிறகு மினாவிலும் ஜம்ராவிலும் நடை. பணம் தயாராகும்போது கால் தயாராக இல்லை என்றால் சக்கர நாற்காலியில்தான் சுற்ற வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு நடக்கத் தொடங்கினால் கால் கொப்புளம்தான் மிச்சம். ஆறு மாதமாவது வேண்டும்.

ஆரோக்கியத்திலும் ஓய்வு நேரத்திலும் மனிதர்களில் பலர் நட்டமடைகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரியில் வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன திர்மிதி ஹதீஸையும் நாம் வியாபாரத்துக்குத்தான் அதிகம் எடுத்துச் சொல்கிறோம். துபாயில் இருக்கும் மகன் மருந்து வாங்கப் பணம் அனுப்பலாம், நல்ல மருத்துவரை ஏற்பாடு செய்யலாம். வாப்பாவுக்காக அவனால் நடக்க முடியாது.

தொடங்குவதற்கு முன்

நெஞ்சுவலி, இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் நடக்கும்போது பையில் இனிப்போ, பேரீச்சம்பழமோ வைத்திருக்க வேண்டும். கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகள் மொட்டை மாடியில்கூட வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. இரவில் எழுந்ததும் தலை சுற்றுபவர்கள், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு நிற்க வேண்டும்.

நாற்காலியில் தொழுபவர்கள், எந்த நிலையை நாற்காலியில் செய்யலாம், எதை நின்றே செய்ய வேண்டும் என்பதைத் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது அவசியம். ஸுஜூது செய்ய முடியாதவர் எல்லாரும் நிற்கவும் முடியாதவர் அல்லர்.

தரையிலிருந்து எழுவதையும் பழகிக்கொள்ளலாம். பாயில் உட்கார்ந்து, பக்கத்தில் அசையாத நாற்காலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, இரண்டு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றுங்கள். நாற்காலியின் இருக்கையில் கைகளை வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, மெல்ல எழுந்து நாற்காலியில் உட்காருங்கள். முதல் சில நாட்கள் வீட்டார் ஒருவர் அருகில் இருக்கட்டும். குளியலறையிலோ நடுக்கூடத்திலோ தவறி விழுந்து எலும்பு முறியாமல் தப்பியவர், யாரும் வரும்வரை மணிக்கணக்கில் தரையில் கிடக்காமல் எழுவதற்கும் இதே முறைதான்.