உழவும் கல்வியும்: கோவை வேளாண்மைக் கல்லூரி

"சேற்றிலிருந்து கரையேறத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், கல்லூரிக்குப் போயும் வேளாண்மைதானா?" என்று நம் முதியோர் சிலர் வினவுவதுண்டு. பண்ணையாளாய் இருந்து பட்டவர்கள் கேட்கும் கேள்வி இது. எளிதில் தள்ளிவிட இயலாது. எனவே கோவை வேளாண்மைக் கல்லூரியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அதன் வேர் சைதாப்பேட்டையில் உள்ளது. 1868இல் அங்கு வேளாண்மைப் பள்ளி தோன்றிற்று. அந்நாளில் சைதாப்பேட்டை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், நம் மக்கள் நிலமின்றி உழல்வதை 1891இல் அரசுக்கு எழுதினார். மறு ஆண்டு பஞ்சமி நில ஆணை பிறந்தது. உழவு பாடமாகிவிட்ட மாவட்டத்திலேயே உழுதவர் பலருக்குக் குழி நிலமும் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

1906இல் பள்ளி கோவைக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்தது. 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆராய்ச்சியில் கோவை ஆற்றிய பணி பெரிது. 1912இல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்பரும் வேங்கடராமனும் 'வெள்ளை' என்னும் தடித்த இனிப்புக் கரும்போடு காட்டு நாணலை இணைத்தனர். அத்தகைய தடித்த கரும்பை ஆங்கில நூலோர் 'உயர்குடிக் கரும்பு' என்பர். பெயரைப் பாருங்கள்! அவ்வுயர்குடி வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. களையென்று பிடுங்கி எறியப்பட்ட நாணலே அதற்கு உறுதி தந்தது. இவ்வாறு பிறந்த கோ 205, 1918இல் வட இந்திய உழவர் கைக்குச் சென்றது. நெல்லிலும் இவ்வாறே, கோணாமணி வயலில் தனித்துத் தெரிந்த ஒரு செடியிலிருந்து தேர்ந்த ஜி.இ.பி. 24, 1921இல் வெளியாகிப் பிற்கால நெல் வகைகள் பலவற்றுக்குத் தாயாயிற்று.

ஒன்று ஊரின் பெயரைத் தாங்கியது. மற்றொன்று அரசுப் பதவியின் பெயரை. நாற்று நட்டுக் களையெடுத்த கைகளுக்குப் பெயரில்லை.

முதியோர் அஞ்சுவது சேற்றையன்று, அச்சேற்றில் பெற்ற இழிவையே. வேளாண்மைப் பட்டதாரி ஊருக்குள் அலுவலராக வருகிறார். விதையையும் உரத்தையும் பற்றி அவர் வரப்பில் நின்று கூறுவதை நிலக்கிழாரும் கேட்கிறார். பஞ்சமி நிலத்தில் ஒரு துண்டேனும் காத்து வைத்துள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த மண்ணை ஆய்ந்து எப்பயிர் தகும் என்றுரைக்கத் தம் பேரனோ பேத்தியோ வந்து நின்றால், அம்முதியோர் வேறு கேள்விகளைக் கேட்பர்.