குற்றாலத்தில் செடி வாங்குறீங்களா? தொட்டிக்குள்ள இந்தப் புழு இருக்கானு பாருங்க!

சாரல் சீசனில் ஐந்தருவிக்குப் போறவங்க குளிச்சு முடிச்சதும் பக்கத்திலிருக்கும் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவையும் ஒரு ரவுண்டு வருவாங்க. ஊர் திரும்பும் வழியில் ஏதாவது நர்சரியில் ரெண்டு செடியும் வண்டியில் ஏறிடும். மொட்டைமாடித் தோட்டத்துக்கு நல்லதுதான். ஆனா, அந்த ஈரமண்ணில் டிக்கெட் எடுக்காத பயணி ஒருத்தர் ஒளிஞ்சிருக்கலாம். அவர் பெயர் சுத்தியல் தலைத் தட்டைப்புழு.

யார் இவர்?

அறிவியல் பெயர், பைபாலியம் கியூவென்ஸ். பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. ஆனால் 1878-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானதோ லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடிலில்! வெளிநாட்டுச் செடிகளோடு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதே வழியில்தான் அமெரிக்கா, ஐரோப்பா என்று பரவியது. இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தலை பிறைநிலா மாதிரி அகலமாக இருக்கும். வெளிர்பழுப்பு முதுகில் நீளவாக்கில் கருங்கோடுகள். ஒரு அடி நீளம்கூட வளரும். அட்டைப்பூச்சினு நினைச்சுப் பதறாதீங்க. அட்டை வளைந்து வளைந்து நடக்கும். இது வழுக்கிக்கொண்டே போகும். ரத்தமும் குடிக்காது.

அப்புறம் என்ன பிரச்னை?

இதன் சாப்பாடே மண்புழுதான். தன்னைவிடப் பெரிய மண்புழுவைக்கூடச் சுற்றி வளைத்துக் கரைத்துக் குடித்துவிடும். கோள மீனில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இதன் உடலிலும் இருப்பதை 2014-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மண்புழு குறைந்தால் மண்ணில் காற்றோட்டம் குறையும், உரம் குறையும். கடைசியில் அடி வாங்குவது உங்க தக்காளிச் செடிதான்.

வெட்டாதீங்க!

பார்த்ததும் வெட்டிப் போடத்தான் கை போகும். அதுதான் தப்பு. ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாக வளர்ந்துவிடும்.

என்ன செய்யலாம்?

* வெறுங்கையால் தொட வேண்டாம். குச்சியால் எடுத்து, உப்பு போட்ட டப்பாவில் மூடிவிடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.
* புதுச் செடியைக் கொஞ்ச நாள் தனியாக வையுங்கள். தொட்டியின் அடிப்பக்கம், வேர்மண் இரண்டையும் கவனியுங்கள். நிழலான ஈர இடம்தான் இதற்குப் பிடிக்கும்.
* ஒரு ஊர் மண்ணை இன்னொரு ஊர்த் தோட்டத்தில் கொட்டாதீங்க.

காட்டில் பார்த்தால்?

இங்கேதான் கவனம் தேவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்றே சொந்தத் தட்டைப்புழுக்கள் உண்டு. அவை அந்தக் காட்டின் குடிமக்கள். அருவிப் பாதையிலோ காட்டிலோ பார்த்தால் உப்பு டப்பாவைத் தேடாமல், போனில் தலையும் முதுகும் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுங்கள், இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்து என்ன ஆகும் என்கிறீர்களா? பிரான்ஸில் பொதுமக்கள் அனுப்பிய படங்களை வைத்துத்தான், இந்த ராட்சதப் புழுக்கள் அங்கே இருபது வருடமாக யாரும் கண்டுகொள்ளாமல் வாழ்ந்துவந்த விஷயமே 2018-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் உங்க படத்தைப் போட்டால், அது உள்ளூரா வெளியூரா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அருவி செல்ஃபிக்கு நடுவில் ஒரு புழுவுக்கும் போட்டோ எடுக்கலாமே!