இந்திரசித்தும் இருபத்தொரு விளக்குகளும்

நம் வீட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை மதியம் நாலைந்து பேராக உட்கார்ந்து, இருபது முகப் பகடையை உருட்டி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம். அதில் இல்யூஷனிஸ்ட் என்று ஒரு மந்திரவாதி. நெருப்பை வீசுவதை விட, இல்லாததை இருப்பதாகக் காட்டி ஜெயிப்பதுதான் அவன் வேலை. 1978-ல் வந்த விதிப்புத்தகம் அவனுக்கு அறிவு 15, கைவேகம் 16-ஆவது வேண்டும் என்றது. மந்திரவாதிக்குக் கைவேகம் எதற்கு? பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள் :-)

ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கத்துப் பகவதி கோயில்கள் பலவற்றில் சன்னதியைப் பார்த்தபடி கூத்துமாடம் என்று நீளமான கட்டடம் இருக்கும். சுமார் 42 அடி நீளத்துக்குத் திரை, அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள். முன்பு மான் தோல், இப்போது ஆட்டுத்தோலில் வெட்டிய பாவைகள். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும், விளக்குப் பக்கம் இழுத்தால் பெரிதாகிக் கலங்கும். பத்ரகாளி தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றாம். அவளுக்காகத்தான் இரவு இரவாக இந்தக் கூத்து.

பாடுவது கம்பன் பாட்டு. விளக்கம் மலையாளம் கலந்த தமிழில். 1956-ல் கேரளம் உருவாகும்வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லை மாறிய பிறகும் புலவர்கள் பாட்டை மாற்றவில்லை.

மாயக்கார வீரனுக்கு மாதிரி தேடும் பிள்ளைகளுக்கு நான் இந்திரசித்தைத்தான் சொல்வேன். அனுமன் கண்முன்னே மாயா சீதையை வெட்டுகிறான். அவன் நோக்கம் குரங்குப்படையைக் கொல்வது இல்லை. எல்லோரும் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் நிகும்பலைக்குப் போய் யாகத்தை முடித்துவிட வேண்டும். மாயையால் அவன் வாங்கப் பார்ப்பது நேரத்தை. புதிதாக ஆடும் பையன்கள் பெரிய பூதத்தைக் காட்டிப் பயமுறுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள், அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதில்லை.

ஆட்டத்தில் மாயையை எதிராளி நம்புகிறானா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். ராமன் பக்கத்தில் ஏறக்குறைய எல்லோருமே தோற்கிறார்கள். சந்தேகப்படுவது விபீஷணன் ஒருவன்தான். அவனும் யோசித்துச் சொல்லிவிடவில்லை, வண்டு உருவெடுத்து அசோகவனம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறான்.

அதைவிட எனக்குப் பிடித்தது மாயா ஜனகன். மருத்தன் என்ற அரக்கன் ஜனகனாக வந்து, ராவணனுக்கு இணங்கச் சொல்லிச் சீதையிடம் கெஞ்சுகிறான். அவளும் அவனை அப்பா என்றே நம்புகிறாள். நம்பியும் இணங்கவில்லை, கடுமையாகத் திட்டிவிடுகிறாள். அது மாயை என்று திரிசடை சொல்வது பிற்பாடுதான். மாயை பலித்தது, காரியம் பலிக்கவில்லை! இதற்கு விதிப்புத்தகத்தில் பகடை கிடையாது.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் இந்தக் கூத்தைப் பற்றி 1996-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். திரைக்கு எதிரே ஆளே இல்லாத இரவுகளைப் பற்றி அதில் சொல்கிறார். யாரும் கேட்காவிட்டாலும் புலவர்கள் விடியும்வரை பாட்டுக்கு விளக்கம் சொல்லி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு வாதம் செய்துகொண்டிருப்பார்கள். கூனத்தறை ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், சந்தோஷம். மேடைகளுக்கென்று ஒரு மணி நேரக் கூத்தும் வந்துவிட்டது. அதில் சண்டை எல்லாம் இருக்கிறது, அந்த வாதத்துக்குத்தான் இடமில்லை. மலையாளம் பேசும் வீட்டில் வளர்ந்த ஒரு பையன் கம்பனின் தமிழை நூற்றுக்கணக்கான பாட்டுகளாக மனப்பாடம் செய்ய எத்தனை வருஷம் ஆகும்? தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிற நமக்கு அந்தக் கணக்கு தெரியும்.

ஜனவரியிலிருந்து மே வரை ஊருக்குப் போகிறவர்கள் ஒற்றப்பாலத்தில் இறங்கி எந்தக் கோயிலில் கூத்து என்று விசாரித்துப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் ஆரம்பிப்பார்கள். மாயா ஜனகன் என்றைக்கு என்று புலவரிடமே கேட்டால் சொல்லிவிடுவார்.